வாசலில் நின்ற டிராக்டர்

தோட்ட நிர்வாகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குப் பயனுள்ளதாக ஏதாவது சொல்லச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். பயனுள்ளதெல்லாம் உங்கள் கையில் இருக்கும் டேப்லெட்டிலேயே இருக்கிறது. எந்த எண்ணெய்ச் செம்பனையில் எத்தனை குலை பழுத்திருக்கிறது என்று வானத்தில் பறக்கும் டிரோன் பூச்சி ஒன்று பார்த்துச் சொல்லிவிடுகிறது. நாங்கள் அதற்காக அட்டைக் கடியோடு நடந்தோம். ஆகவே விளைச்சலைப் பற்றி நான் வாய் திறக்கப் போவதில்லை. உங்கள் தேர்வில் கேட்கப்படாத ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். தோட்டத்துச் சாமியை எப்படி நிர்வகிப்பது, அல்லது சாமி உங்களை நிர்வகிக்கும்போது எப்படி நின்றுகொள்வது.

சிரிக்காதீர்கள். உங்களுக்கு முன்னால் பெரிய பெரிய சாம்ராஜ்யங்கள் இதே பாடத்தில் மண்டையை உடைத்துக்கொண்டன. மலாக்காவைப் பிடித்த போர்த்துக்கீசியர் மசூதிக் கல்லைப் பெயர்த்துக் கோட்டை கட்டினார்கள் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். பின்னால் வந்த டச்சுக்காரர்களுக்கு மதத்தைவிட ஈயத்தின் மேல்தான் பக்தி அதிகம். அவர்கள் பிடித்த கோலசிலாங்கூர் மலைமேல் ஏறிப் பாருங்கள், கடலைப் பார்த்து நிற்கும் பீரங்கிகளின் மேல் இன்று குரங்குகள் உட்கார்ந்து பேன் பார்க்கின்றன. கடைசியாக வந்த வெள்ளைக்காரத் துரைதான் ஆள் கெட்டிக்காரன். அவன் யாரையும் மதம் மாறச் சொல்லவில்லை. தகரமும் பலகையும் கொடுத்து, 'உங்கள் மாரியம்மனுக்கு நீங்களே கோயில் கட்டிக்கொள்ளுங்கள்' என்றான். பக்கத்தில் ஒரு கள்ளுக்கடையும் திறந்தான். மனத்துக்கு ஒன்று, உடம்புக்கு ஒன்று. எந்தத் தொழிலாளியும் அடுத்த தோட்டத்துக்கு ஓடவில்லை. பீரங்கி வாங்கும் செலவு மிச்சம்.

பதிலுக்கு அவனுக்குக் கிடைத்தது முதல் மரியாதை. திருவிழா அன்று அம்மன் ரதம் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தைச் சுற்றும் முன்பே மேட்டில் இருக்கும் துரை பங்களாவுக்குப் போகும். துரை வாசலில் நிற்பான். அவன் தலையில் பரிவட்டம் கட்டி, கழுத்தில் மாலை போட்டு, தேங்காய்த் தட்டைக் கையில் கொடுப்பார்கள். தட்டை எப்படிப் பிடிப்பது என்றுகூட அவனுக்குத் தெரியாது. சாமியே போய் சலாம் போடுகிறது பார் என்று அடுத்த தோட்டத்துத் துரையிடம் பெருமையடித்திருப்பான். நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்தேன். லயத்தில் பிறந்து, புத்தகம் படித்து, ரோஷம் வந்தவன் நான். அம்மன் ஏன் மேடு ஏற வேண்டும் என்று கொதித்துக்கொண்டிருந்தேன்.

ஈஜோக் பக்கம் ஒரு தோட்டத்தில் உதவி நிர்வாகியாக, அதாவது சின்னத் துரையாகச் சேர்ந்தபோது என் மேலதிகாரியான பெரிய துரை ஒரு சீனர், கத்தோலிக்கர். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போவார். தமிழ் நம்மைவிடச் சுத்தமாகப் பேசுவார், நம்மைவிடக் குறைவாகப் பேசுவார். வந்த புதிதில் அவர் ஒரு நல்ல காரியம் செய்தார். தான் வேற்று மதத்துக்காரன், இனி அந்த முதல் மரியாதையை உங்களில் ஒருவருக்கே கொடுங்கள் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். அந்தப் பெருந்தன்மையால் தோட்டமே இரண்டாகப் போயிற்று.

குலை வெட்டுகிறவர்களின் மேஸ்திரியான மண்டோர் தனக்குத்தான் பரிவட்டம் என்றார். களை மருந்து அடிக்கிறவர்களின் மண்டோரும் தனக்குத்தான் என்றார். யாருடைய தாத்தா கோயிலுக்கு முதல் கம்பம் நட்டார் என்று ஆரம்பித்த பேச்சு, யாருடைய தாத்தா கப்பலில் வாந்தி எடுத்தார் என்பதில் போய் நின்றது. நான் படித்தவன் அல்லவா, இந்த வருடம் ஒருவர், அடுத்த வருடம் மற்றவர் என்று நியாயமாகத் தீர்ப்புச் சொன்னேன். 'யாரு மொத வருசம்?' என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள். மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஒரு ஆள்கூட வரவில்லை. பழுத்த குலைகள் மரத்தடியில் விழுந்து கிடந்தன. எலிகளுக்கு அன்றுதான் திருவிழா.

பெரிய துரை காலுறையைக்கூட மாற்றாமல் கோயிலுக்கு இறங்கிப் போனார். இரண்டு மண்டோர்களுக்கும் நடுவில் நின்று, தனக்கு இந்தத் தோட்டத்தில் மாமனும் இல்லை மச்சானும் இல்லை, ஆகவே துணியைத் தன் தலையிலேயே கட்டிவிடுங்கள் என்றார். இருவரும் அந்த நிமிடமே சம்மதித்தார்கள். அவருடைய சாமி கோபித்துக்கொள்ளாதா என்று நான் திரும்பி வரும் வழியில் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை பாதிரியாரிடம் தான் பேசிக்கொள்வதாகச் சொன்னார்.

ஒரு சாம்ராஜ்யம் எப்படி நடந்தது என்று எனக்கு அன்றுதான் விளங்கியது. பக்கத்து வீட்டுக்காரனுக்குப் போகக் கூடாது என்பதற்காகவே நாம் மரியாதையைத் தூக்கிக்கொண்டுபோய்த் தூரத்து ஆள் தலையில் கட்டுகிறோம். அவன் பாவம், தன் வீரத்துக்குக் கிடைத்தது என்று நினைத்துக்கொள்கிறான்.

அந்த வருடத் திருவிழாவில் இன்னொன்றும் நடந்தது. ரதத்தை டிராக்டர் இழுத்தது. சுப்ரா என்ற ஓட்டுநர், தோட்டத்திலேயே கைதேர்ந்தவர். பங்களா வாசலுக்கு வந்ததும் டிராக்டர் ஒரு இருமல் இருமி நின்றுவிட்டது. நான் பதறிப்போய்ப் பட்டறைக்கு ஓடி மெக்கானிக்கை அழைத்து வந்தேன். அவர் மூடியைத் திறந்து பார்த்து, என்னை ஒரு மாதிரி பார்த்து, ஒன்றும் இல்லை என்று மூடிவிட்டார். பெரிய துரை என் தோளைத் தொட்டு ஓரமாக நகர்த்தினார். பரிவட்டமும் மாலையுமாகக் கூட்டத்தைப் பார்த்து, என்ன வேண்டும் என்று கேட்டார்.

களை மருந்து அடிக்கும் பாக்கியம் அக்கா முன்னால் வந்தார். அப்போது அவருக்கு என் வயதுதான் இருக்கும். லயத்துக்கு வரும் தண்ணீர் மஞ்சளாக இருக்கிறது, குழந்தைகளுக்கு வயிற்றால் போகிறது என்று சொன்னார். துரை அம்மனைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார். புதுக் குழாய் போட்டுத் தருகிறேன் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். சுப்ரா சாவியைத் திருப்பினார். டிராக்டர் ஒரே உதறலில் கிளம்பிவிட்டது. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அம்மன் அருள் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக.

அதே தோட்டத்துக்கு நானே பெரிய துரையாகத் திரும்பி வந்தபோதுதான், அந்த டிராக்டருக்கு அந்த வியாதி பரம்பரையாக வருவது என்று தெரிந்துகொண்டேன். அதற்கு முன்னால் ரதத்தை மாடு இழுத்ததாம். வெள்ளைக்காரன் வாசலில் மாடு படுத்துக்கொள்ளுமாம். குழந்தைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகைக்குக் கூரை வந்தது மாடு படுத்ததால்தான். பிள்ளை பெற்றவளுக்கு ஓய்வு கிடைத்ததும் அப்படித்தான். ஆபீஸில் போய்க் கேட்டால் துரைக்கு மேசை இருக்கிறது, கணக்கெழுதும் கிராணி இருக்கிறார், நாளை வா என்று சொல்ல வாய் இருக்கிறது. வாசலில் அது எதுவும் கிடையாது. மாலையைப் போட்டுக்கொண்ட பிறகு ஓடவும் முடியாது. அம்மன் சலாம் போடப் போகவில்லை, ஐயா. வசூலுக்குப் போயிருக்கிறாள்.

நான் துரையான சில வருடங்களில் கம்பெனிக்குப் புதிய பொது மேலாளர் வந்தார். கோலாலம்பூர்க்காரர், நம்மவர், பெரிய பக்திமான். அவர் அலுவலகத்தில் சாமி படம் மாட்டிய சுவரில் சுவரே தெரியாது. வருடம் ஒருமுறை திருப்பதி போவார், திரும்பி வந்து நமக்கெல்லாம் லட்டு தருவார். அவர் ஒரு நாள் என்னை அழைத்து, ஆலைக்குப் போகும் லாரிப் பாதையை நேராக்க வேண்டும் என்றார். நேர்க்கோட்டில் நம் மாரியம்மன் கோயில் நின்றது. கோயிலை எடுத்து ஆலையின் கழிவுக்குளத்துப் பக்கம் வைத்துக்கொள்ளலாம், அங்கே நல்ல காற்று வரும் என்றார். நான் தயங்கியதைப் பார்த்து, இதெல்லாம் ஆகமப்படி கட்டிய கோயிலா என்ன, தகரக் கொட்டகைதானே என்று ஆறுதல் சொன்னார். திருவிழா முடியும்வரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்பதும் உத்தரவு.

வெள்ளைக்காரன் தகரம் கொடுத்தான். நம்மவர் அதைப் பிடுங்க வந்தார். சுதந்திரம் என்றால் சும்மாவா.

மூச்சு விடாமல் இருப்பது லயத்தில் நடக்கிற காரியமா? கோயிலின் பின்பக்கம் நில அளவைக்காரர்கள் சிவப்புச் சாயம் பூசிய முளைகளை அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். குருடனுக்கும் தெரியும். மறுநாள் பெரட்டு முடிந்ததும் பாக்கியம் அக்கா என் அலுவலகத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நான் கோலாலம்பூர், மேலிடம் என்று ஏதோ இழுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இங்க ஒன்னும் சொல்ல வேணாம் தொர. இங்க நீங்க சொல்றது எதுவும் நிக்காது. வாசல்ல கேக்குறோம். பதில் வெச்சுக்குங்க."

நான் கெஞ்சும் குரலில், இந்த வருடம் ரதம் மேலே வர வேண்டாம், நானே கோயிலுக்கு இறங்கி வந்து பால்குடம் எடுக்கிறேன், நானும் இந்த லயத்துப் பிள்ளைதானே என்றேன்.

"கீழ வந்தா நீங்க பக்தரு," என்றார். "மேல நின்னாத்தான் தொர. பக்தர்கிட்ட நாங்க என்னத்தக் கேக்குறது?"

அவர் போன பிறகு நான் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இளையவர்களே, இதுதான் நம் தொழில். உரம் போடுவதெல்லாம் யாரும் செய்வார்கள். கோயிலை எடுக்க மாட்டோம் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. சொன்னால் அம்மன் முன்னால் பொய். எடுக்கப் போகிறோம் என்று சொன்னால் என்னைப் பெற்ற லயத்தின் முகத்தில் இனி விழிக்க முடியாது. காய்ச்சல் என்று விடுப்புப் போட்டுக் கிள்ளான் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொள்ளலாம். உண்மையைச் சொன்னால், அதற்குத்தான் அதிக நேரம் யோசித்தேன். பயமாக இருந்தது.

அப்போதுதான் என் பழைய சீனத் துரை இரண்டு மண்டோர்களுக்கு நடுவில் நின்றது நினைவுக்கு வந்தது. மரியாதையைத் தாங்க முடியாதபோது அதை வேறு தலைக்கு மாற்றிவிட வேண்டும். ஆனால் பக்கத்தில் அல்ல, மேலே. நான் தொலைபேசியை எடுத்துப் பொது மேலாளரை அழைத்தேன். தோட்டத்து மக்கள் இந்த வருடம் முதல் மரியாதையை அவருக்கே கொடுக்க ஆசைப்படுவதாகச் சொன்னேன். பரிவட்டம் பட்டுத் துணியா என்று கேட்டார். பட்டு என்றேன். போட்டோ எடுக்கிறவர் வருவாரா என்றார். இரண்டு பேர் வருவார்கள் என்றேன்.

திருவிழா அன்று மனைவியோடு வந்தார். வெள்ளை ஜிப்பா, நெற்றி நிறைய விபூதி. அவருடைய பெரிய காரைப் பங்களா முகப்புக்கே கொண்டுபோய் நிழலில் நிறுத்தச் சொன்னேன். மேட்டிலிருந்து இறங்க ஒரே ஒரு பாதைதான். அந்தப் பாதையில்தான் ரதம் வரும். இதை அவரிடம் விளக்கிச் சலிப்பூட்ட நான் விரும்பவில்லை.

ரதம் வந்தது. மேளம் நின்றது. பரிவட்டம் கட்டினார்கள், மாலை போட்டார்கள், அவர் முகம் பூரித்துப்போயிற்று. டிராக்டர் இருமியது, நின்றது. தலை நரைத்துவிட்ட சுப்ரா இருக்கையில் சாய்ந்து வானத்தைப் பார்க்கத் தொடங்கினார். சூரியன் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. பாக்கியம் அக்கா முன்னால் வந்து கும்பிட்டார்.

"பெரிய தொர, கோயில எடுக்கப் போறீங்களா?"

அவர் புன்னகை செய்தார். எல்லாம் நல்லபடியாக நடக்கும், கம்பெனி உங்கள் மேல் அக்கறை கொண்டது, புதிய இடத்தில் காற்று நன்றாக வரும் என்று அழகாகப் பேசினார். கூட்டத்தில் யாரும் தலைகூட ஆட்டவில்லை. பேச்சு தானாகவே வற்றிப்போயிற்று. அவர் என் பக்கம் சாய்ந்து, டிராக்டருக்கு என்ன, மெக்கானிக்கைக் கூப்பிடு என்றார். நானும் ஒருமுறை கூப்பிட்டிருக்கிறேன், பிரயோஜனம் இல்லை, சார் என்றேன். அவர் காரைப் பார்த்தார். காருக்கும் சாலைக்கும் நடுவில் ரதம் நின்றது, ரதத்தைச் சுற்றித் தோட்டமே நின்றது. போட்டோக்காரர்கள் இருவரும் நான் சொல்லாமலே அவர் முகத்தை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"எடுப்பீங்களா, மாட்டீங்களா," என்றார் பாக்கியம் அக்கா. குரல் உயரவே இல்லை. "ரெண்டுல ஒன்னு சொல்லுங்க. ஆத்தா வெயில்ல நிக்கிறா."

முடித்துவைத்தவர் அவருடைய மனைவிதான். அந்த அம்மாள் அதுவரை அம்மன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர். கணவர் முழங்கையைப் பிடித்து, சாமியை இப்படி நிற்கவைத்துக்கொண்டு என்ன யோசனை, சொல்லித் தொலையுங்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். திருப்பதிவரை கணக்கு வைத்திருந்தவருக்கு அங்கே வேறு வழி இல்லை.

"கோயில் இங்கேயே இருக்கும்," என்றார்.

சுப்ரா சாவியைத் திருப்பினார். ஒரே உதறல்.

நான் அன்று அழுதேன். மாலை வாசனை ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன்.

அவர் வாக்கை மீறவில்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். பயம்தான் காரணம் என்றாலும் பரவாயில்லை. பாதை கோயிலுக்கு முன்னால் வளைந்துபோகிறது. லாரி ஓட்டுநர்கள் இன்றும் அந்த வளைவில் என்னைத் திட்டுகிறார்கள். எனக்கும் பரிசு கிடைத்தது. கடலோரம் பாகான் நக்கோடா ஓமார் பக்கம், நிர்வகிக்க ஒன்றுமே இல்லாத ஒரு துண்டுத் தோட்டத்துக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கே நல்ல மீன் சாப்பிட்டேன்.

ஆனால் கம்பெனி ஒரு பாடம் கற்றுக்கொண்டது. நம்மைவிட வேகமாகக் கற்றுக்கொள்ளும். பங்களாவைப் பராமரிக்கச் செலவாகிறது என்று பூட்டினார்கள். நிர்வாகி டவுனில் குடியிருக்கட்டும் என்றார்கள். பிறகு நிர்வாகமே கோலாலம்பூரில் ஒரு கட்டடத்தின் மாடிக்குப் போய்விட்டது. வெள்ளைக்காரன் கொடுமைக்காரன்தான், சந்தேகமே இல்லை. ஆனால் மாடு நடந்து போய்ச் சேரும் தூரத்தில் குடியிருந்தான். அந்த மாடிக்கு எந்த டிராக்டர் ஏறும்? சாமியை அடிக்காமல், கோயிலை இடிக்காமல், வாசலை மட்டும் எடுத்துவிட்டார்கள். இது போர்த்துக்கீசியனுக்கும் தோன்றவில்லை, டச்சுக்காரனுக்கும் தோன்றவில்லை.

போன வருடத் திருவிழாவுக்கு நான் பக்தனாகப் போயிருந்தேன். ரதம் வழக்கம்போல மேடு ஏறியது. பூட்டிய பங்களா, இடுப்பளவு லாலான் புல். டிராக்டர் இருமி நின்றது. சுப்ராவின் மகன்தான் இப்போது ஓட்டுகிறான், அந்த வியாதி அவனுக்கும் வந்திருக்கிறது. பாக்கியம் அக்கா கைத்தடியோடு முன்னால் வந்தார். தாம்பாளத்தில் பரிவட்டம் மடித்து வைத்திருந்தது. சிவப்பு முளைகள் மறுபடியும் அடித்திருக்கிறதே, கோயிலை எடுக்கப் போகிறீர்களா என்று பூட்டிய கதவைப் பார்த்துக் கேட்டார். நாங்கள் எல்லாரும் கதவைப் பார்த்தோம். அப்போது மோட்டார் சைக்கிளில் கம்பெனிச் சட்டை போட்ட ஒரு தம்பி வந்து நின்றார்.

"என்ன அங்கிள், டிராக்டர் ரோசாக்கா? ஓடலியா? மெக்கானிக்குக்கு கால் பண்ணவா லா?"

நல்ல பிள்ளை. உதவி செய்யத்தான் வந்தார். எனக்குக் கோபம் வரவில்லை, என் இளமைக்கால முகத்தைப் பார்த்த மாதிரி இருந்தது. அவர் இப்போது உங்களோடுதான் உட்கார்ந்திருக்கிறார், தலை குனிய வேண்டாம் தம்பி. அவர் மெக்கானிக்கை அழைத்தும் வந்தார். மூடியைத் திறந்தார்கள், மூடினார்கள். வெயில் ஏறியது. கடைசியில் பாக்கியம் அக்கா தாம்பாளத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, 'வண்டிய எடுப்பா' என்றார். என் நினைவில் பதில் இல்லாமல் அந்த டிராக்டர் கிளம்பியது அன்றுதான்.

அந்த வளைவை நேராக்கும் திட்டம் இன்று உங்கள் டேப்லெட்டில் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் அழைத்ததும் ஓடிவந்தேன், உங்கள் தேநீருக்காக அல்ல. இந்த வருடமும் ரதம் மேலே போகும். புல்லை வெட்டி, பூட்டைத் திறந்து, உங்களில் ஒருவர் காலணியைக் கழற்றிவிட்டு அந்த வாசலில் நில்லுங்கள். அதிகாரம் இல்லை என்பீர்கள். எனக்கும் இருக்கவில்லை. முடிந்தால் மாடியில் இருக்கும் யாரையாவது அழைத்து வாருங்கள். பட்டு என்று சொல்லுங்கள், வருவார்கள். வரவில்லை என்றால் நீங்களே நின்று கேள்வியைக் காதில் வாங்குங்கள், வாங்கியதை மேலே போய்ச் சொல்லுங்கள்.

பாக்கியம் அக்காவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. பரிவட்டத்தை மட்டும் துவைத்து மடித்து வைத்திருக்கிறார். யார் நின்றாலும் அந்தத் தலையில் கட்டுவதற்கு.